பன்னிரண்டு படுக்கைகள், ஐந்து வருடங்கள்

செங்கல்பட்டுக்கு அப்பாலோ சித்தூர்ப் பக்கமோ ஒரு வீட்டில் "அடையாறுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க" என்று ஒருவர் சொன்னால், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. ஆலமரமும் பிரம்மஞான சபையும் சென்னைக்காரர்களின் அடையாறு. வெளியூர்க்காரர்களுக்கு அடையாறு என்றால் ஓர் ஆஸ்பத்திரிதான்.

அந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரி 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளுடன் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 13ஆம் தேதி மயிலாப்பூர்ப் பெண் ஒருவர் அந்த வளாகத்துக்கே குடிவந்தார். வயது 28. மகப்பேறு மருத்துவத்தில் அப்போதுதான் எம்.டி. முடித்திருந்தார். 2021 ஜனவரி 19 அன்று 93 வயதில் இறக்கும்வரை அவருக்கு வேறு வேலையும் கிடையாது, வேறு முகவரியும் கிடையாது. டாக்டர் வி. சாந்தாவைப் பற்றி எழுதுகிறவர்கள் மகசேசே விருதிலிருந்தோ பத்ம விபூஷணிலிருந்தோ தொடங்குவார்கள். அவை 2005லும் 2016லும் வந்தவை. அதற்கு அரை நூற்றாண்டு முந்தைய சாந்தாதான் இக்கட்டுரைக்கு வேண்டியவர். பட்டம் வாங்கிய ஓர் இளம் மருத்துவர் எந்த இடத்தில், எதைச் செய்து செய்து, வைத்தியராக முதிர்கிறார் என்பதே கேள்வி.

வைத்தியர்களின் இளமைக் கதைகளில் பெரும்பாலும் ஓர் இரவு வரும். அதற்கு முன்னால் அவர் எல்லோரையும் போன்ற ஒரு பெண், விடியும்போது வேறொருவர். உலகப் புகழ்பெற்ற உதாரணம் மெக்சிகோவின் தெரெசா உர்ரேயா. 1873இல் சினலோவா மாநிலத்தில் பிறந்தவர். அப்பா தோமாஸ் உர்ரேயா பெரிய பண்ணைக்காரர். அம்மா கயெதானா அந்தப் பண்ணையைச் சார்ந்து பிழைத்த பழங்குடிச் சிறுமி, பிள்ளை பெற்றபோது 14 வயது. வட மெக்சிகோவின் சொனோராவில் கபோரா என்ற பண்ணையில் தெரெசா வளர்ந்தார். பதினைந்து பதினாறு வயதில் அப்பா வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அங்கே ஊயிலா என்ற முதிய வைத்தியச்சியிடம் பச்சிலையும் பிரசவமும் கற்றார். 1889இல் நினைவிழந்து பல நாட்கள் கிடந்தார்; இறந்துவிட்டதாகவே நினைத்தார்கள். எழுந்தபோது தொட்டால் நோய் தீருகிறது என்ற பேச்சு பரவி, ஆயிரக்கணக்கானோர் கபோராவுக்கு வந்து குவிந்தார்கள். எச்சிலில் குழைத்த மண்ணைப் பூசினார், மூலிகை கொடுத்தார், ஏழைகளிடம் காசு வாங்கவில்லை. பழங்குடிக் கலகங்களில் 'கபோராவின் புனிதை' என்று அவர் பெயரை முழங்கியதும் அதிபர் போர்பிரியோ தியாஸின் அரசு பயந்துவிட்டது. 1892இல் அப்பாவையும் மகளையும் எல்லைக்கு அப்பால், அமெரிக்காவுக்கு அனுப்பியது. 1906இல் அரிசோனாவில் இறந்தார், வயது 32தான்.

தமிழ்நாட்டிலும் அப்படி ஓர் இரவுக் கதை உண்டு. அமெரிக்க மிஷனரி குடும்பத்தில் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், திண்டிவனத்தில் அப்பா வீட்டில் தங்கியிருந்த ஓர் இரவில் மூன்று கணவன்மார்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையிலிருந்த தங்கள் மனைவியைப் பார்க்க வரும்படி கேட்டார்கள். ஐடா அப்போது டாக்டர் அல்ல. ஆண் டாக்டரான அவருடைய அப்பாவை அனுமதிக்க மூவருக்கும் மனமில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பிய ஐடா கட்டியதுதான் வேலூர் சி.எம்.சி.

அடையாறு ஆஸ்பத்திரிக்கும் அப்படி ஒரு மூலக்கதை இருக்கிறது. அதில் வருகிறவர் சாந்தா அல்ல, முத்துலட்சுமி ரெட்டி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். தெரெசாவின் பிறப்போடு இது எவ்வளவு நெருங்குகிறது என்பது வியப்புதான்: ஊர் மதிக்கும் அப்பா, ஊர் ஓரங்கட்டிய அம்மா, இரண்டுக்கும் நடுவில் வளர்ந்து வைத்தியம் கற்ற மகள். புதுக்கோட்டை அரசரின் ஆணையால்தான் ஆண்கள் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது. வகுப்பில் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் முடித்தார். 1920களின் தொடக்கத்தில் தங்கை புற்றுநோயில் இறந்தார். இன்ன நோய் என்று தெரியவந்தபோது நேரம் கடந்திருந்தது. டாக்டரான அக்கா பக்கத்தில் இருந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதன்பின் லண்டன் போய்ப் புற்றுநோய் சிகிச்சையைக் கவனித்துவிட்டு வந்தார். 1935இல் மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் சென்னைக்குத் தனிப் புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். யாரும் அசையவில்லை. 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் நிதி திரட்ட ஆரம்பித்தார். கேன்சர் என்றாலே சாவுதான், அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்று அமைச்சர் ஒருவர் கேட்டதாகச் சாந்தா பிற்காலப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1952இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி அமெரிக்காவில் புற்றுநோய் அறுவை சிகிச்சைப் பயிற்சி பெற்றுத் திரும்பியிருந்தார். பணத்தையும் இடத்தையும் அம்மா தேடினார், கத்தியைப் பிள்ளை பிடித்தார்.

சாந்தாவிடம் இப்படிப்பட்ட கதை எதுவும் இல்லை. வீட்டில் யாரும் புற்றுநோயில் துடித்து இறந்து அவரைத் திருப்பியதாக அவர் சொல்லவில்லை. கனவு இல்லை, குரல் இல்லை. 1927 மார்ச் 11இல் மயிலாப்பூரில் பிறந்தார். அங்கேயே நேஷனல் பெண்கள் உயர்நிலைப்பள்ளி, பிறகு மாநிலக் கல்லூரி, பிறகு மருத்துவக் கல்லூரி. 1949இல் எம்.பி.பி.எஸ்., 1952இல் டி.ஜி.ஓ., 1955இல் எம்.டி. ஒழுங்கான படிக்கட்டு. அம்மாவின் தம்பி வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகர். அம்மாவழித் தாத்தாவின் தம்பி சி. வி. ராமன். இரண்டு நோபல்களை வைத்து, 'ரத்தத்திலேயே இருந்தது' என்று முடித்துவிடுகிற கட்டுரைகள் ஏராளம். எனக்கு அதில் ஒப்புதலில்லை. அந்தக் குடும்பத்திலும் அந்தத் தெருக்களிலும் படித்த பெண்கள் பலர் இருந்தார்கள். படிப்பும் உறவும் ஒரு பெண்ணை மருத்துவக் கல்லூரிக்குள் கொண்டுவிடும். 12 படுக்கை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவிடாது.

கொண்டுவிட்டது ஒரு வேலை முடிவு. அரசுப் பணித் தேர்வாணையத் தேர்வில் வென்று, எழும்பூர் பெண்கள் குழந்தைகள் மருத்துவமனையில் அவருக்கு இடம் கிடைத்திருந்தது. அன்றைய மருத்துவப் பட்டதாரிப் பெண் ஒருவருக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. 1875இல் மேரி ஷார்லிப் உட்பட நான்கு பெண்களைச் சென்னை மருத்துவக் கல்லூரி சேர்த்துக்கொண்டதிலிருந்து பெண் மருத்துவர்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பாதை பிரசவமும் பெண்நோயும்தான். ஷார்லிப் முன்நின்று திறந்த கோஷா ஆஸ்பத்திரி திருவல்லிக்கேணியில் இன்றும் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையாக நடக்கிறது. அந்தப் பாதையில் 80 ஆண்டுகள் கழித்து வந்தவர் சாந்தா. அரசு வேலை, பென்ஷன், எழும்பூர்ப் பெருமை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஆற்றுக்குத் தெற்கே பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையில் இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றதும் மூத்தவர்களும் சக மருத்துவர்களும் முகம் சுளித்தார்கள். முதல் சில ஆண்டுகள் அவர் சம்பளமில்லாத கௌரவ மருத்துவர். பிறகு மாதம் 200 ரூபாய்.

அங்கே இருந்த டாக்டர்கள் இரண்டு பேர்: கிருஷ்ணமூர்த்தி, சாந்தா.

எழும்பூரை விட்டதால் மகப்பேறு படிப்பு வீணாகிவிட்டது என்று நினைத்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அன்றைக்குச் சென்னைப் பெண்களை அதிகம் தாக்கிய புற்று கருப்பைவாயில் வந்தது. அதன் நிலை என்ன, எதுவரை பரவியிருக்கிறது என்பதைச் சொல்ல அப்போது ஸ்கேன் கிடையாது. விரல்தான். உள்ளே கருப்பைவாயின் பக்கத்துத் திசுக்களைத் தொட்டுப் பார்த்து, மென்மையாக இருக்கிறதா, இறுகியிருக்கிறதா, இறுக்கம் இடுப்பெலும்புச் சுவர்வரை போய்விட்டதா என்று சொல்ல வேண்டும். சுவரைத் தொட்டுவிட்டால் மூன்றாம் நிலை; கத்திக்கு இடமில்லை, ரேடியமும் கதிரும்தான். பிரசவ வார்டில் இரவு பகலாகப் பழகிய கைக்கு இது அந்நியமான வேலை இல்லை. பிள்ளை எங்கே இருக்கிறது என்று தேடக் கற்ற விரல்கள் கட்டி எங்கே நிற்கிறது என்று தேடின.

அடுத்தது வாய்ப்புற்று. வெற்றிலையோடு புகையிலையை ஒதுக்கி வைத்துக்கொள்ளும் பழக்கத்தில் கன்னத்தின் உட்புறம் புண்ணாகி வரும். பெரும்பாலும் முற்றிய பிறகுதான் வருவார்கள். பல மாதம் நாட்டு மருந்து, பல் டாக்டர், ஊசி எல்லாம் முடிந்திருக்கும். வாய் எவ்வளவு திறக்கிறது என்பதை விரல்கணக்கில் குறிப்பார்கள். மூன்று விரல் நுழைந்தால் சரி. ஒரு விரல்தான் நுழைகிறது என்றால் கட்டி தாடைத் தசைக்குள் இறங்கியிருக்கலாம். வாயைத் திறக்க முடியாதவருக்கு உள்ளே எப்படிப் பார்ப்பது, எப்படி அறுப்பது, முதலில் எப்படிச் சாப்பிட வைப்பது? கல்லூரிப் பாடத்தில் புற்றுநோய்க்கு ஒதுக்கிய பக்கங்களில் இதெல்லாம் கிடையாது. இந்தியாவில் அப்போது புற்றுநோய் மருத்துவம் என்ற தனிப் பட்டமே இல்லை. ரத்தப் பரிசோதனை முதல் ரேடியம் வைப்பது வரை, ஆபரேஷன் முதல் கேஸ் ஷீட் எழுதுவது வரை இரண்டு பேரே செய்த இடத்தில், சாந்தா துறையை முழுசாகக் கற்றது பிரித்துத் தர ஆள் இல்லாததால்தான். வசதி குறைவு எப்போதும் நல்ல ஆசிரியர் என்று நான் சொல்லமாட்டேன். பல ஆஸ்பத்திரிகளில் அது வெறும் வசதிக் குறைவாகவே முடிகிறது. இங்கே அது ஆசிரியரானதற்குக் காரணம், கற்றதை எழுதி வைக்கும் பழக்கம் முதல் நாளிலிருந்தே இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

1950களின் பிற்பாதியில் கனடாவிலிருந்து கோபால்ட் 60 இயந்திரம் வந்தது. ஆசியாவிலேயே அதுதான் முதல் என்று நிறுவனம் சொல்லிவருகிறது. கனடாவிலேயே நோயாளிகள்மேல் அதை முதன்முதலாகப் பயன்படுத்தியது 1951இல்தான். அதற்கு முன்பிருந்தவை சாதாரண எக்ஸ்-ரே கருவிகளைப் பெரிதாக்கியவை. அவற்றின் கதிர் தன் உச்ச அளவைத் தோலிலேயே கொட்டிவிடும். உள்ளே இருக்கும் கட்டிக்குப் போதிய அளவு சேரும்முன் தோல் வெந்துவிடும். கோபால்ட்டின் காமா கதிர் தோலுக்கு அரை சென்டிமீட்டர் கீழேதான் உச்சத்தைத் தொடும். தோல் தப்பும், ஆழத்தில் இருப்பது வேகும். ஆனால் கோபால்ட் ஒரு நாள்கூட அப்படியே இருப்பதில்லை. ஐந்தே கால் வருடத்தில் பாதியாகத் தேய்ந்துவிடும். மாதத்துக்குச் சுமார் 1 சதவீதம். ஜனவரியில் 4 நிமிடம் வைத்த கதிரை டிசம்பரில் அரை நிமிடம் கூட்டி வைத்தால்தான் அதே மருந்தளவு. நோயாளிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அவர்கள் இன்றும் சொல்வது 'கரண்ட் வைக்கிறாங்க' என்றுதான்.

கரண்ட் வைப்பது ஐந்தாறு வாரம் ஓடும், வாரத்துக்கு ஐந்து நாள். உடம்பில் மைக்கோடு போட்டு அழிக்காதே, சோப்புப் போடாதே என்று அனுப்புவார்கள். கூலி வேலைக்காரப் பெண் ஊரில் பிள்ளைகளை விட்டுவிட்டு ஆறு வாரம் சென்னையில் எப்படி இருப்பாள்? மூன்றாவது வாரத்தில் ரத்தப்போக்கு நின்றுவிடும், வலி குறையும். குணமாகிவிட்டது என்று பஸ் ஏறிவிடுவாள். பாதிக் கதிர் வாங்கிய கட்டி ஆறே மாதத்தில் திரும்ப வரும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே சாப்பாடு, தங்குமிடம், பஸ் காசு, கூட வந்த கணவனிடம் பேச்சு எல்லாம் மருத்துவத்துக்கு வெளியே நிற்கும் கருணைக் காரியங்களாக இருக்க முடியவில்லை. கதிரின் கணக்கே அவற்றைக் கேட்டது. அந்த ஆஸ்பத்திரி ஏழைகளுக்கு இலவசமாகச் செய்ததை எல்லோரும் தர்மம் என்று பாராட்டுகிறார்கள். தர்மம்தான், ஆனால் பணமில்லாததால் பாதியில் நின்ற சிகிச்சைக்கு மருத்துவ மதிப்பு ஏதும் இல்லை என்பதும் காரணம். அதை இந்தத் துறைக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள்.

இனி கணக்கு. காய்ச்சல் பார்க்கும் டாக்டருக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிடும், தான் செய்தது சரியா தவறா என்று. பிரசவம் பார்ப்பவருக்கு அன்றைக்கே தெரியும். புற்றுநோயில் கட்டி கரைவது எதற்கும் அத்தாட்சி இல்லை. ஐந்து வருடம் கழித்து ஆள் உயிரோடு, நோயில்லாமல் இருக்கிறாரா என்பதுதான் உலகமெங்கும் வைத்துக்கொண்ட அளவு. அப்படியானால் 1955 ஏப்ரலில் வேலைக்குச் சேர்ந்த இளம் மருத்துவருக்குத் தன் முதல் நோயாளிகளைக் காப்பாற்றினோமா என்று தெரிய 1960 வந்தாக வேண்டும். சாந்தாவுக்கு அப்போது 33 வயது. தெரெசா உர்ரேயா இறந்த வயதையே தாண்டியாயிற்று.

கபோராவுக்கும் அடையாறுக்கும் உள்ள பெரிய வேற்றுமையாக எனக்குத் தெரிவது இதுதான். அற்புதமும் அறிவியலும் என்று பிரிப்பது சுலபம். அது தெரெசாவுக்கு அநீதி. ஊயிலாவிடம் கற்ற பச்சிலையும் பிரசவமும் கற்ற வித்தைதான், அதை அவர் கடைசிவரை கைவிடவில்லை. கூட்டத்தின் எதிர்பார்ப்புதான் அவரை வேறொன்றாக்கியது. ஆயிரக்கணக்கில் வந்தவர்கள் அன்றே எழுந்து நடந்ததைப் பார்த்தார்கள், சொன்னார்கள், அது ஊர் ஊராகப் போனது. வீட்டுக்குப் போனபின் என்ன ஆனார்கள் என்று தேடிப்போகும் வேலை யாருக்கும் இல்லை. அடையாறில் அந்த வேலைதான் முதல் வேலையாக இருந்தது. ஒவ்வொரு நோயாளியின் ஊர், நோயின் நிலை, கொடுத்த சிகிச்சை, பிறகு என்ன ஆனார் எல்லாம் பதிவில் ஏறின. வராமல் போனவரைத் தேட வேண்டும். இறந்தவரை இறந்தவர் என்று எழுத வேண்டும். தன் தோல்விகளைத் தன் கையாலேயே எண்ணி வைக்கும் பழக்கம் இளம் வயதில் யாருக்கும் எளிதல்ல, டாக்டர்களுக்கு அறவே எளிதல்ல.

அந்த எண்ணிக்கை சும்மா அலமாரியில் கிடக்கவில்லை. முற்றிய வாய்ப்புற்றுக்குக் கதிர் மட்டும் கொடுத்தால் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான், கதிரோடு ஒரு மருந்தும் சேர்த்தால் கூடுமா என்று கேட்க முடியும். ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்ட பிளியோமைசின் மருந்தை 1970களில் கதிரோடு சேர்த்தும், சேர்க்காமலும் கொடுத்து ஒப்பிட்ட சாந்தா, கிருஷ்ணமூர்த்தி இருவரின் ஆய்வு வெளிநாட்டு மருத்துவ இதழில் வெளியானது. மருந்தையும் கதிரையும் ஒன்றாகக் கொடுப்பது இன்று தலை, கழுத்துப் புற்றுகளுக்கு உலகம் முழுக்க வழக்கம். அன்று அது பலருக்குச் சந்தேகத்துக்குரிய யோசனை.

குழந்தைகளின் ரத்தப் புற்று வேறு கதை. 1950களிலும் 60களிலும் அதற்குச் சிகிச்சை கொடுப்பது கிட்டத்தட்டச் சாவைத் தள்ளிப்போடுவதுதான், அமெரிக்காவிலும் அப்படியே. மருந்து கொடுத்தால் குழந்தை சில வாரம் விளையாடும். பிறகு திரும்ப வரும். ஒரு வார்டில் இப்படி வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தவர் சாந்தா. 1980களில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் இயன் மக்ராத் உதவியோடு, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ், அடையாறு மூன்றும் ஒரே சிகிச்சை முறையைக் கைக்கொண்டன. எம்.சி.பி. 841 என்று அதற்குப் பெயர். அதற்கு முன் ஐந்தில் ஒரு குழந்தைகூடத் தேறாத நிலை மாறி, ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் தேறத் தொடங்கின. இந்தியாவுக்கேற்ற மருந்தளவு, நம்மூர்க் குழந்தையின் சத்துக்குறைவு, கிருமித் தொற்று எல்லாவற்றையும் கணக்கில் கொண்ட முறை அது. சாந்தாவுக்கு அப்போது வயது 60ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. குழந்தை வார்டில் அவர் காத்திருந்த காலம் சுமார் 30 ஆண்டு.

பத்திரிகைகள் வருடாவருடம் எழுதியது வேறு. எளிய புடவை, வளாகத்துக்குள் சிறிய இருப்பிடம், கல்யாணம் செய்துகொள்ளாதது, விடிகாலையில் எழுந்து வார்டுக்குப் போவது. எல்லாம் உண்மைதான். ஆனால் இவற்றையே திரும்பத் திரும்ப எழுதும்போது ஒரு டாக்டர் துறவியாகிவிடுகிறார். துறவிக்குப் பயிற்சி தேவையில்லை, வரம் போதும். கூடவே இன்னொருவர் மறைந்துபோகிறார். அறுவை சிகிச்சையையும் கதிர்வீச்சையும் கையிலெடுத்து அந்த ஆஸ்பத்திரியை நடத்திய கிருஷ்ணமூர்த்தி 2010இல் இறந்தபோது, தெருவில் போகிறவரைக் கேட்டால் பெயர் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். சாந்தாவுக்கு ஊயிலா யார் என்று கேட்டால் பதில் அவர்தான். குருவை மறந்துவிட்டு சிஷ்யையை மட்டும் கொண்டாடினால், வைத்தியம் கற்கப்படுவது என்ற செய்தியே அடிபட்டுப் போகிறது.

அவர்களுக்கே இது தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். 1984இல் அந்த வளாகத்தில் புற்றுநோயியல் கல்லூரி தொடங்கியது. புற்றுநோய் அறுவையில் எம்.சி.எச்., புற்றுநோய் மருத்துவத்தில் டி.எம். என்று உயர் பட்டப் படிப்புகளை நாட்டில் முதன்முதலாகத் தொடங்கிய இடம் அது. இருவரும் 30 ஆண்டு கையைச் சுட்டுக்கொண்டு கற்றதை மூன்று வருடப் பாடமாக்கிக் கொடுத்தார்கள். அங்கே படித்தவர்கள் இன்று நாடெங்கும், கார்ப்பரேட் ஆஸ்பத்திரிகள் உட்பட, இருக்கிறார்கள். 200 ரூபாய்க்கு வாழ்நாளை எழுதிக்கொடுக்க அவர்களில் யாரும் முன்வரவில்லை என்று சிலர் குறைப்படுவதுண்டு. அந்தக் குறையில் நியாயம் இல்லை. ஓர் ஆள் தன் வாழ்க்கை முழுவதையும் கொடுத்தால்தான் நடக்கும் என்ற நிலையிலேயே ஓர் ஆஸ்பத்திரி இருந்தால், அந்த ஆளுக்குப் பிறகு அது நடக்காது.

சாந்தாவின் வேலைகளில் கூட்டம் கவனிக்காத ஒன்று 1981இல் தொடங்கிய சென்னை மாநகரப் புற்றுநோய்ப் பதிவேடு. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால் ஊரில் யாருக்கெல்லாம் நோய் வந்தது என்று தெரியாது, வராதவர்கள் எண்ணப்படமாட்டார்கள். ஆகவே பதிவேட்டு ஊழியர்கள் அரசு ஆஸ்பத்திரி, நர்சிங் ஹோம், பரிசோதனைக்கூடம் என்று ஒவ்வொன்றாகப் போய்க் கேஸ் ஷீட்டைப் புரட்டிக் குறித்துக்கொண்டு வருவார்கள். பிறகு மாநகராட்சியின் இறப்புப் பதிவோடு ஒப்பிடுவார்கள். வேலை சொல்லும்போதுதான் சுலபம். இறப்புச் சான்றிதழில் 'இதயம் நின்றது' என்று இருக்கும், யாருக்குத்தான் நிற்காது? மயிலாப்பூரில் பார்த்த லட்சுமியும் ராயபுரத்தில் பார்த்த லட்சுமியம்மாளும் ஒரே பெண்ணா இரண்டு பெண்களா என்று கண்டுபிடிக்க வேண்டும். இனிஷியல் மாறியிருக்கும், கணவர் பெயர் ஒரு இடத்தில் இருக்கும், அப்பா பெயர் இன்னொரு இடத்தில், வீடு மாறியிருக்கும். ஒரு பெண்ணை இரண்டு முறை எண்ணினால் நோய் கூடியதாகத் தோன்றும். தவறவிட்டால் குறைந்ததாகத் தோன்றும். 2012இல் இதே முறையைத் தமிழ்நாடு முழுவதற்கும் விரித்தார்கள். சாந்தாவுக்கு வயது 85.

அந்தப் பதிவேடு காட்டிய மாற்றம் ஒன்றை அவரைப் புகழ்கிறவர்கள் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. புகழுக்கு அது ஒத்துவராது. 1980களில் சென்னைப் பெண்களுக்கு வரும் புற்றுகளில் முதலிடம் கருப்பைவாய்க்கு. சாந்தாவின் விரல்கள் 1955இலிருந்து தேடித் தேடிப் பார்த்த அதே புற்று. பிறகு வருடாவருடம் அது குறைந்துகொண்டே வந்தது. இன்று முதலிடம் மார்பகப் புற்றுக்கு. ஆனால் இந்தக் குறைவில் ஆஸ்பத்திரிக்கு உள்ள பங்கு சிறிது. சிகிச்சை, நோய் வந்தவரைக் காப்பாற்றும். புதிதாக நோய் வருபவர்களின் எண்ணிக்கையைக் குறைக்காது. அதைக் குறைக்கும் ஊர்தழுவிய பரிசோதனைத் திட்டமும் அந்தக் காலம் முழுக்கச் சென்னையில் இல்லை. ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்கள் வேறு: பெண்களின் கல்யாண வயது ஏறியது, பிள்ளைப்பேறு ஏழெட்டிலிருந்து ஒன்றிரண்டாக இறங்கியது, குளிக்கவும் கழுவவும் தண்ணீரும் இடமும் கிடைத்தது, பள்ளிக்கூடம் போனார்கள்.

கல்யாண வயது என்றதும் கதை மறுபடி முத்துலட்சுமியிடம் போகிறது. சென்னை மாகாணச் சட்ட மேலவையின் துணைத் தலைவராக இருந்த 1920களின் இறுதியில் அவர் போராடியவற்றுள் ஒன்று, பெண்ணின் கல்யாண வயதை உயர்த்துவது. 1929இல் சாரதா சட்டம் அதை 14 ஆக்கியபோது ஆதரவாக நின்றவர்களில் அவர் முக்கியமானவர். கருப்பைவாய்ப் புற்றை மனதில் வைத்து அவர் அதைக் கேட்டிருக்க முடியாது. அந்தப் புற்றுக்குப் பின்னால் ஒரு வைரஸ் இருக்கிறது என்று ஜெர்மனியின் ஹரால்ட் ஸுர் ஹௌஸன் காட்டியது 1983இல். அதற்குள் முத்துலட்சுமி இறந்து 15 ஆண்டுகள் ஆகியிருந்தன. தங்கையின் சாவிலிருந்து அவர் எழுப்பிய ஆஸ்பத்திரி காப்பாற்றிய பெண்கள் எத்தனை பேர் என்று கேஸ் ஷீட்டைப் பார்த்துச் சொல்லலாம். மேலவையில் அவர் கேட்டதால் அந்த ஆஸ்பத்திரிக்கே வரத் தேவையில்லாமல் போன பெண்கள் எந்தக் கேஸ் ஷீட்டிலும் இருக்கமாட்டார்கள்.